நூறு கதை, இருபத்து நான்கு கதை

தமிழ்ச் சிறுகதையில் எண்ணிக்கையா தரமா என்ற பேச்சு வந்துவிட்டால் இரண்டு பெயர்கள் தாமாகவே எழுந்து வரும். நிறைய எழுதினால்தான் கை தேறும் என்பவர் புதுமைப்பித்தனைக் காட்டுவார். குறைவாக எழுதினாலும் செதுக்கி எழுத வேண்டும் என்பவர் மௌனியைக் காட்டுவார். ஜோடி பொருத்தமானதுதான். புதுமைப்பித்தன் பிறந்தது 1906இல், மௌனி 1907இல். இருவரும் பட்டதாரிகள். இருவரும் ‘மணிக்கொடி’யில் எழுதித் தெரியவந்தவர்கள். 1948இல், 42 வயதில், காசநோயால் இறந்தபோது புதுமைப்பித்தன் விட்டுச்சென்ற சிறுகதைகள் நூறை ஒட்டியவை. அவை போக ஐம்பதை ஒட்டிய மொழிபெயர்ப்புக் கதைகள், கட்டுரைகள், மதிப்புரைகள், கவிதைகள், முசோலினியையும் ஹிட்லரையும் பற்றிய நூல்கள், சினிமா வசனம். மௌனி 1985 வரை இருந்தார். எழுதியது 24 கதைகள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு கட்சிக்காரர்களும் வாதாடிக் களைத்திருக்கிறார்கள். இருவருமே தங்கள் ஆளைச் சரியாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. புதுமைப்பித்தனிடம் எண்ணிக்கை எப்படித் தரமாக மாறியது என்பதை முதல் கட்சி பார்ப்பதில்லை. மௌனியிடம் எவ்வளவு திரும்பத் திரும்பச் செய்தல் இருக்கிறது என்பதை இரண்டாவது கட்சி பார்ப்பதில்லை.

புதுமைப்பித்தனின் கதைகளைக் காலவரிசையில் படிக்கும் வாய்ப்பு நமக்கு வெகுகாலம் இல்லை. ‘காஞ்சனை’, ‘ஆண்மை’ என்று தொகுதி தொகுதியாகத்தான் அவரைப் படித்தோம். 1943இல் எழுதியதும் 1934இல் எழுதியதும் ஒரே அட்டைக்குள் கிடக்கும். படிக்கிறவருக்கு இவர் சில நாள் நன்றாக எழுதுவார், சில நாள் சுமாராக எழுதுவார் என்றுதான் படும். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பு கதைகளை வெளிவந்த வரிசையில் அடுக்கியது. அதன் பிறகு ஒரு கை பழகிவருவதை ஆண்டு ஆண்டாகப் பார்க்க முடிகிறது. கதைகளின் எண்ணிக்கையில் எல்லா ஆண்டுகளையும்விடப் பெரியது 1934. ‘மணிக்கொடி’ அப்போது வாரப் பத்திரிகை. கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் சேர்ந்து 1933 செப்டம்பரில் தொடங்கியது. பக்கங்களை வாராவாரம் நிரப்ப வேண்டும், எழுதுகிறவர்கள் சிலரே. புதுமைப்பித்தன் கதை எழுதினார், கட்டுரை எழுதினார், பிறமொழிக் கதைகளைத் தமிழாக்கினார். சொ. விருத்தாசலம் என்ற ஆள் ஒருவர். பத்திரிகைகளிலோ சொ.வி., கூத்தன், நந்தன் என்று பல பேர் நடமாடினார்கள்.

அந்த ஆண்டுக் கதைகளை வரிசையாகப் படிப்பவர் கொஞ்சம் பொறுமையோடு இருக்க வேண்டும். பல கதைகள் கதையே இல்லை. ஒரு தெருக்காட்சி, அதன் கடைசியில் ஒரு குத்தல், முடிந்தது. சிலவற்றில் கதாசிரியர் நடுவே புகுந்து பிரசங்கம் செய்கிறார். சில மோப்பசானின் தழுவல்கள் என்று வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ‘தமிழ் படித்த பெண்டாட்டி’ போன்ற கதைகளை வைத்து நடந்த விவாதம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் தழுவலைக் கடுமையாகத் தாக்கி, மொழிபெயர்ப்புதான் நேர்மையான வழி என்று வாதாடியவரும் இவரே. எதிரிகள் இந்த முரணைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. மோப்பசானின் ஒரு கதையைத் திருநெல்வேலிக்கோ சென்னைக்கோ கொண்டுவருகிறவர் அந்தக் கதையின் மூட்டுகளைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும். எந்த இடத்தில் செய்தியை மறைத்தான், எந்த வாக்கியத்தில் திறந்தான் என்று கையால் தடவிப் பார்க்காமல் பெயர்க்க முடியாது. ஐம்பது கதையை இப்படிப் பெயர்த்த கைக்குக் கிடைக்கும் பயிற்சியை எந்த இலக்கணப் புத்தகமும் தராது.

அதே 1934இல்தான் ‘பொன்னகரம்’ வருகிறது, ‘கவந்தனும் காமனும்’ வருகிறது. இரண்டு பக்கம், மூன்று பக்கம். இன்றைக்கும் பாடப்புத்தகம் முதல் மேடைப்பேச்சுவரை அடிபடும் ‘பொன்னகரம்’, சுமாரான பல துண்டுகளுக்கு நடுவே, அவற்றின் அதே அச்சில், அதே அவசரத்தில் எழுதப்பட்டது. அதை எழுதும்போது இது தேறும், பக்கத்தில் இருப்பது தேறாது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்ததற்கு அறிகுறியே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் டீன் கீத் சைமன்டன் படைப்பாளிகளின் வாழ்நாள் உழைப்பை ஆராய்ந்து சொன்னது இதற்கு நெருங்கிவருகிறது. ஒருவர் செய்கிற மொத்தத்தில் தேறுகிற பங்கு ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருக்கிறது. ஆகவே அதிகம் செய்கிறவருக்கு அதிகம் தேறுகிறது, அதிகம் தேறாமலும் போகிறது என்பது அவர் கருத்து. எழுத்துப் பட்டறைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பானைக் கதையும் உண்டு. மாணவர்களில் ஒரு பாதிக்கு எண்ணிக்கையை வைத்து மதிப்பெண், மறுபாதிக்கு ஒரே ஒரு சிறந்த பானைக்கு மதிப்பெண். கடைசியில் நல்ல பானைகள் எண்ணிக்கைக் கூட்டத்திடமிருந்தே வந்தன என்று அது முடியும். டேவிட் பேல்ஸ், டெட் ஓர்லண்ட் இருவரும் 1993இல் எழுதிய நூல் வழியாகப் பரவியது இது. மூலத்தில் நடந்தது பானை வகுப்பே இல்லை, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி யூல்ஸ்மனின் புகைப்பட வகுப்பு என்று பிற்பாடு தெரியவந்தது. படம் எப்படியோ பானையாகிவிட்டது. தழுவல் எங்கும் நடக்கிறது.

சைமன்டன் விதியைப் புதுமைப்பித்தன்மேல் வைத்துப் பார்த்தால் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பொருந்துகிறது. பிறகு பொருந்தவில்லை. 1937க்குப் பின் அவர் எழுதும் கதைகளின் எண்ணிக்கை குறைகிறது. 1943 என்ற ஒரே ஆண்டில் ‘காஞ்சனை’, ‘செல்லம்மாள்’, ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘சுப்பையா பிள்ளையின் காதல்கள்’ வருகின்றன. விகிதமே மாறிவிட்டது. மொத்தம் குறைந்து தேறுவது ஏறுகிறது. இது எப்படி நடந்தது என்பதற்கு அவரே ஒரு சோதனைச்சாலையை விட்டுப் போயிருக்கிறார்.

1934இல் ‘அகல்யை’ என்றொரு கதை எழுதினார். அகலிகையின் கதை. இந்திரன் வருகிறான், கோதமன் வடிவில் ஏமாற்றுகிறான், கோதமன் அறிகிறான். சாபம் மட்டும் இல்லை. கோதமன் இந்திரனையும் மன்னிக்கிறான், அகல்யையையும் புரிந்துகொள்கிறான். மனம் மாசுபடவில்லை என்பதே அவனுக்குப் போதும். வாலிபன் ஒருவன் புராணத்தைத் திருத்தி எழுதிய உற்சாகம் கதை முழுக்கத் தெரிகிறது. கருத்து நியாயமானது. கதை அந்தக் கருத்தோடு நின்றுவிடுகிறது. கோதமன் உத்தமனாகிவிட்டதால் அகல்யைக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மன்னிப்பைப் பெற்றுக்கொள்வது ஒன்றே அவள் வேலை.

இந்தக் கதையில் ஏதோ குறை என்று ஆசிரியருக்குப் பட்டிருக்க வேண்டும். அதற்காக அவர் அதை எடுத்துத் திருத்தி எழுதவில்லை. விட்டுவிட்டார். நடுவில் பல கதைகள் எழுதினார், ‘தினமணி’யில் உதவியாசிரியராகப் பல ஆண்டுகள் செய்தி மொழிபெயர்த்தார், மதிப்புரை எழுதிச் சண்டை வளர்த்தார். ஒன்பது ஆண்டு கழித்து அதே பெண்ணை வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார். ‘சாப விமோசனம்’ ராமனின் பாத தூளி பட்டுக் கல் பெண்ணாவதில் தொடங்குகிறது. இனிமேல்தான் இவள் வாழ வேண்டும். சாபம் போயிற்று, ஊரின் வாய் போகவில்லை. கோதமன் அவளை ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொண்டவனின் தயக்கமும் குற்ற உணர்வும் அவன் கூடவே இருக்கின்றன. ராமன் வந்து ஆளும் காலத்தில் சீதை அவளிடம் தீக்குளித்த கதையைச் சொல்கிறாள். தன்னை மன்னித்த அதே ராமன் சீதையிடம் தீயைக் கேட்டான் என்பது அகலிகையால் தாங்கக்கூடியதாக இல்லை. மறுபடி கல்லாகிறாள்.

1934 கதையில் நல்ல கோதமன் ஒருவன் போதும் என்று ஆசிரியர் நம்பினார். 1943 கதையில் நல்ல கோதமன் இருக்கிறான், போதவில்லை. முதல் கதையின் விடையை இரண்டாவது கதை கேள்வியாக எடுத்துக்கொள்கிறது. முதல் கதையை ஐம்பது தடவை திருத்தியிருந்தாலும் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியுமா என்பது சந்தேகம். திருத்துகிறவர் அந்தக் கதையின் எல்லைக்குள்தான் திருத்துவார். வாக்கியம் செம்மையாகும், உவமை கூர்மையாகும், கோதமன் இன்னும் அழகாக மன்னிப்பான். எல்லையை உடைக்க அந்தக் கதையை முடித்துக் கைகழுவிவிட்டு வேறு ஆட்களோடு பழக வேண்டியிருந்தது.

பழகியது யாரோடு என்பதும் தெரிகிறது. கூலி வாங்கிக் காலந்தள்ளும் திருநெல்வேலிப் பிள்ளைமார்கள். 1937இல் ‘மனித யந்திரம்’: கல்லாப் பணத்தோடு ஊரைவிட்டே ஓடிவிடத் துணிந்து, ரயில் வண்டிவரை போய், திரும்பிவந்து பணத்தை வைத்துவிடும் கடைச் சிப்பந்தி. அதே ஆண்டில் ‘ஒரு நாள் கழிந்தது’: கடன்காரனுக்கும் காப்பிக்கும் நடுவே ஒரு எழுத்தாளனின் பகல். 1943இல் ‘செல்லம்மாள்’: துணிக்கடையில் வேலைபார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி. முதல் இரண்டிலும் எள்ளல் ஒரு கேடயம்போல் ஆசிரியர் கையில் இருக்கிறது. மூன்றாவதில் அதைக் கீழே வைத்துவிடுகிறார். மனைவி இறந்துவிட்டாள் என்று தொடங்கும் கதை பின்னோக்கிப் போய் அவள் கடைசி நாட்களைச் சொல்கிறது. இறந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு அவர் அவளுக்கு வெந்நீர் போடுவதும் கஞ்சி காய்ச்சுவதும் நம்மை என்ன செய்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்ற இந்தத் தீர்மானம் நூல் படித்து வருவது இல்லை. பிழையான இடத்தில் தொடங்கிய கதைகள் பின்னால் இருக்க வேண்டும். புதுமைப்பித்தனிடம் அவை ஏராளம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எண்ணிக்கைதான் எல்லாம் என்று எழுதிவிடலாம்போல் இருக்கும். பி.எஸ். ராமையா குறுக்கே நிற்கிறார். ‘மணிக்கொடி’ 1935இல் சிறுகதைப் பத்திரிகையாக மாறியபோது அதைச் சுமந்தவர், ‘மணிக்கொடி காலம்’ எழுதி 1982இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர் எழுதிய சிறுகதைகள் ஏறத்தாழ 300. புதுமைப்பித்தனைப்போல மூன்று மடங்கு. இன்றைய வாசகரிடம் கேட்டால் ‘நட்சத்திரக் குழந்தைகள்’ என்று ஒன்றைச் சொல்வார், அதற்குமேல் யோசிப்பார். ராமையாவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர் இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் வரும் இருவரில் ஒருவர் இருந்திருக்கவே மாட்டார். ஆனால் அவருடைய கதைகளைத் தொடர்ந்து படித்தால் ஒன்று புலப்படுகிறது. ஒரு கதையில் பலித்த உத்தி அடுத்ததிலும் வருகிறது, அதற்கடுத்ததிலும் வருகிறது. பாத்திரத்துக்கு ஒரு நெருக்கடி, ஒரு திருப்பம், ஒரு நெகிழ்ச்சி. ராமையா தமக்குத் தெரிந்ததை முந்நூறு தடவை செய்தார். புதுமைப்பித்தன் தமக்கு வராததை நூறு தடவை செய்து பார்த்தார். பேய்க்கதை, புராணக்கதை, தேயிலைத் தோட்டத்து ஒப்பாரி, கடவுளைச் சென்னைத் தெருவில் காப்பி குடிக்கவைக்கும் கேலி, காலத்தைப் பின்னுக்குத் தள்ளும் கனவு என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத வகைகள். வகை மாறும்போதெல்லாம் அவர் மறுபடி கற்றுக்குட்டியாகிறார். தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்துக்கு வெட்கப்படாமல் அச்சுக்குக் கொடுத்ததுதான் அவருடைய துணிச்சல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிறையச் செய்து தள்ளிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், 1935இல், ‘சிற்பியின் நரகம்’ எழுதினார். வாழ்நாளையே கொட்டி ஒரு சிலையைச் செய்யும் பூம்புகார்ச் சிற்பியின் கதை. சிலை குறையற்று அமைகிறது. கோயிலுக்குள் போனதும் அதை நிமிர்ந்து பார்க்க ஆள் இல்லை. மோட்சம் கேட்கிற கூட்டம்தான் இருக்கிறது. ஒரே படைப்பில் எல்லாவற்றையும் வைத்தவனுக்கு என்ன நேரும் என்ற பயத்தைப் புதுமைப்பித்தன் அறியாதவர் அல்ல என்று இந்தக் கதையைப் படிக்கும்போது தோன்றும்.

இனி மௌனி. கணிதத்தில் பட்டம், இசையில் ஆழ்ந்த ஈடுபாடு, கும்பகோணத்து வாழ்க்கை. அங்கே ராமையாவைச் சந்தித்தார். எழுதும்படி தூண்டியவர் ராமையா, எஸ். மணி என்ற பெயரை மறைத்து ‘மௌனி’ என்ற பெயரைக் கொடுத்தவரும் அவரே. முதல் கதை 1936இல் ‘மணிக்கொடி’யில் வந்தது. ‘பிரபஞ்ச கானம்’, ‘அழியாச்சுடர்’, ‘எங்கிருந்தோ வந்தான்’ போன்ற அவருடைய முக்கியமான கதைகள் அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. வாழ்நாள் கதைகளில் ஏறத்தாழ பாதி இந்தச் சில ஆண்டுகளுக்குள் அடங்கும். மௌனி என்றதும் நம் மனத்தில் வரும் படம், சிதம்பரத்து வீட்டில் ஒரு வாக்கியத்தை ஆண்டுக்கணக்கில் உருட்டிக்கொண்டிருக்கும் மனிதர். அந்தப் படம் பிற்கால மௌனிக்குப் பொருந்தலாம். நமக்குப் பெயர் தெரிந்த கதைகளை எழுதிய மௌனி, பத்திரிகை கேட்கக் கேட்கக் கொடுத்தவர். அவருக்கும் ஒரு 1934 இருந்தது. அது இரண்டு வருஷம் தள்ளி வந்தது, அளவில் சிறியது, அவ்வளவுதான்.

‘மணிக்கொடி’யின் சிறுகதைக் காலம் 1930களோடு முடிந்தது. அதன்பின் மௌனியின் கதைகள் இடைவெளி விட்டு விட்டு வருகின்றன. 1948இல் எம்.வி. வெங்கட்ராமின் ‘தேனீ’, 1960களில் சிறுபத்திரிகைகள், 1971இல் கடைசிக் கதை. யாராவது பத்திரிகை நடத்தி, வந்து உட்கார்ந்து கேட்டால் கதை வரும். கேட்க ஆள் இல்லாத ஆண்டுகளில் கதையும் இல்லை. குறைவாக எழுதியதை அவருடைய கொள்கையாக வைத்துப் போற்றுகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும். பாதியாவது கொள்கை என்றால், மீதி கேட்க ஆள் இல்லாமை.

இன்னொன்றும் உண்டு. மௌனியின் 24 கதைகளையும் ஒரு வாரத்தில் படித்துவிடலாம். அப்படிப் படித்தால் இவை 24 கதைகளா என்ற கேள்வி வரும். பெயரில்லாத ‘அவன்’. எங்கோ ஒரு கணத்தில் பார்த்த பெண். கோயில், இருள், யாளி, இலையற்ற மரம், சாயைகள். இசை ஒலிக்கும், ஒருத்தி இறப்பாள், அல்லது இறந்தவள்போல் ஆவாள். இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் ஒருவன் நின்று தன்னைத் தானே பார்த்துக்கொள்வான். ‘பிரபஞ்ச கான’த்தில் பாட்டு தடுக்கப்பட்ட பெண் கடைசியில் பாடி இறக்கிறாள். ‘அழியாச்சுட’ரில் கோயில் பிரகாரத்தில் எப்போதோ கொடுத்த ஒரு வாக்கு ஒருவனைத் தின்கிறது. கதை வேறு வேறு. திரும்பத் திரும்பத் தட்டப்படும் கதவு ஒன்று. ராகத்தை விட்டு ராகம் தாவாமல் ஒரே ராகத்தில் இரவெல்லாம் நிற்கும் நாகஸ்வரக்காரரைத் தஞ்சாவூர்க்காரர்கள் கேட்டிருப்பார்கள். மௌனி செய்தது அந்த ரகம். இதைக் குறைவாகச் செய்தல் என்று எப்படிச் சொல்வது? பயிற்சியின் எண்ணிக்கை இங்கே கதைகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

புதுமைப்பித்தன் இவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னது பிரசித்தம். உயர்ந்ததை மறைபொருளாகச் சொல்பவர் என்ற அர்த்தத்தில்தான் அதை எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவே சரியாகவும் இருக்கும். ஆனால் திருமூலரைப் பற்றிய மரபுக்கதை, ஆண்டுக்கு ஒரு பாடலாக 3000 ஆண்டு யோகத்தில் இருந்து 3000 பாடல் பாடினார் என்கிறது. மெதுவாகச் செய்தவர் என்று பார்த்தால் அவரைவிட மெதுவானவர் இல்லை. பாடல் எண்ணிக்கையைப் பார்த்தால் மனம் மாறிவிடும்.

மௌனியின் திருத்தல்களைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அவர் கட்சிக்காரர்களின் பெரிய சான்று அதுதான். எழுதி எழுதி அடித்தார், மறுபடி எழுதினார் என்பார்கள். அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திருத்தலில் மற்றவர் கைகளும் இருந்தன. எம்.வி. வெங்கட்ராம், மௌனியின் கையெழுத்துப் பிரதிகளைத் தாம் செப்பனிட்டதாக எழுதியதும் அதையொட்டி எழுந்த சர்ச்சையும் இலக்கிய வாசகர்கள் அறிந்தவை. யார் எவ்வளவு செய்தார்கள் என்ற வழக்கில் நான் நுழையவில்லை. என் கவலை வேறு. பழகாத கையின் தடுமாற்றம் மௌனியின் வாக்கியங்களில் கடைசிவரை இருக்கிறது. உயர்ந்த இடங்களில் அந்தத் தடுமாற்றமே அவருடைய அழகாகிவிடுகிறது. சொல்ல வந்தது சொல்லுக்குள் அடங்காமல் திணறுவதை நாம் நேரில் பார்க்கிறோம். தாழ்ந்த இடங்களில் அது வெறும் தடுமாற்றம். ஒரு மனிதன் தெருவைக் கடந்தான் என்பதைச் சொல்லக்கூட அந்த வாக்கியம் மூச்சு வாங்கும். தினமும் பத்திரிகைக்கு எழுதியவரின் வாக்கியத்தில் இந்தத் திக்கல் இருக்காது. புதுமைப்பித்தன் ஒரு ஆளை அறைக்குள் நுழைத்து, உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அவன் வாயிலிருந்து இரண்டு பேச்சு வாங்க மூன்று வரிக்குமேல் எடுப்பதில்லை.

எதிர்ப்பக்கக் குறையையும் மறைக்க வேண்டாம். அவசரத்தின் தழும்பு புதுமைப்பித்தனின் நல்ல கதைகளிலும் தெரியும். முடிவு தெரியாமல் ஓடி, மூச்சு முட்டியதும் நிறுத்திய கதைகள் உண்டு. ஒரு கேலி கைக்குக் கிடைத்துவிட்டால் கதையைவிட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடுவார். மௌனியிடம் ஒரு வரி உங்களைப் பார்த்துக் கண்ணடிக்காது. புதுமைப்பித்தனிடம் பக்கத்துக்கு இரண்டு கண்ணடிப்பு.

பிழைப்பும் இதில் இருக்கிறது. மௌனிக்கு எழுத்து சோறு போட வேண்டியதில்லை. சிதம்பரத்தில் குடும்பத்தின் அரிசி ஆலை இருந்தது. எழுதாத ஆண்டு என்பது அவருக்குப் பட்டினி ஆண்டு இல்லை. புதுமைப்பித்தனுக்குப் பத்திரிகைச் சம்பளம்தான் வாழ்க்கை. ‘தினமணி’யிலிருந்து டி.எஸ். சொக்கலிங்கத்தோடு வெளியேறியது, ‘தினசரி’க்குப் போனது, அங்கிருந்து சினிமாவுக்குப் போனது, ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனே போய் நோயோடு திரும்பியது எல்லாம் ஒரே கணக்கின் வரிகள். இரண்டு வழிகளில் எது சிறந்தது என்று கற்றுக்கொள்ள வருகிறவருக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வது நியாயம். நிறைய எழுதியதால் கை தேறியது உண்மை. அவ்வளவு எழுதும்படி வைத்த வறுமை அந்தக் கையை 42 வயதில் எடுத்துக்கொண்டதும் உண்மை.

ஆனாலும் புதிதாக எழுத வருகிறவர் என்னைக் கேட்டால் புதுமைப்பித்தன் பக்கமே கை காட்டுவேன். காரணம் எளியது. மௌனியின் வழியில் போகிறவருக்குத் தன் கதவு எது என்று முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். மௌனிக்குத் தெரிந்திருந்தது. சங்கீதத்திலிருந்தோ கணக்கிலிருந்தோ சொந்த இழப்புகளிலிருந்தோ அவர் அதை எழுதத் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார். இப்படி வருகிறவர் தலைமுறைக்கு ஒருவர். மற்றவர்கள் பல கதவுகளைத் தட்டித்தான் தம்முடையது எது என்று அறிகிறார்கள். முதல் கதவிலேயே நின்று அதன் தச்சுவேலையை மெருகிட்டுக்கொண்டிருப்பவருக்கு, அது வேறொருவர் வீட்டுக் கதவு என்று தெரியவருவதற்குள் வயதாகிவிடும். மௌனியைப் பின்பற்றிய இளைஞர்கள் பலருக்கு இது நடந்தது. ‘சாயை’, ‘பிரக்ஞை’ என்ற சொற்கள் நிரம்பிய, ஐந்தாறு கதையோடு நின்றுபோன எழுத்தாளர்களைச் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களில் பார்க்கலாம்.

இதற்கு எதிராக யாராவது ‘கயிற்றர’வை எடுத்துக் காட்டினால் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். 1948இல், சாவதற்குச் சற்று முன்பு, புதுமைப்பித்தன் எழுதிய கதை. காலம் என்ற ஒன்று உண்டா, கயிற்றைப் பாம்பாகக் காண்பதுபோல் நாம் அதைக் கற்பித்துக்கொள்கிறோமா என்று சாவின் விளிம்பில் நின்று கேட்கிறது. கேலி இல்லை, திருப்பம் இல்லை, தெரு இல்லை. 1937இன் ‘அழியாச்சுடர்’ நின்ற நிலத்துக்கு இது வெகு அருகில் வந்துவிடுகிறது. மௌனி எழுதத் தொடங்கிய ஓரிரு ஆண்டில் போய்ச் சேர்ந்த இடம் அது. புதுமைப்பித்தன் நூறு கதை எழுதி, பதினான்கு ஆண்டு சுற்றி அங்கே வந்தார். வீண் சுற்று என்று ஒருவர் சொல்லலாம். வழியில் செல்லம்மாளும் அகலிகையும் கந்தசாமிப் பிள்ளையும் கிடைத்தார்களே என்று மற்றவர் சொல்லலாம். ‘கயிற்றர’வின் வாக்கியங்களை மட்டும் நான் கவனிக்கச் சொல்வேன். அவ்வளவு மங்கலான பொருளைப் பேசும்போதும் ஒரு வாக்கியம்கூட மூச்சு வாங்கவில்லை.